விழுந்ததா, எறிந்ததா?

சங்கரன்கோவிலில் ஊக்கு அக்காவைவிடக் கோபக்காரர் ஒருவர் உண்டு என்று யாராவது சொன்னால், அவர் ஊக்கு அக்காவைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் செல்போன், ரிமோட், ஹெட்போன் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருக்கிறார். வளையலில் எப்போதும் ஏழெட்டு ஊக்கு தொங்கும். ஸ்குரூ டிரைவருக்கு முன்னால் ஊக்குதான் வேலைக்கு இறங்கும்.

எதை நீட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "விழுந்துச்சா, எறிஞ்சியா?"

இதற்கென்றே இரண்டு நோட்டுகள் உண்டு. விழுந்த சாமான் அன்றைக்கே சரியாகிவிடும். எறிந்த சாமான் ஒரு வாரம் அலமாரியில் கிடக்க வேண்டும். சாமானுக்காக இல்லை, எறிந்தவரின் கோபம் ஆறுவதற்காக. ஒரு தலைமை ஆசிரியர் இரண்டு துண்டாகிப்போன டிவி ரிமோட்டைக் கொண்டுவந்து, சோபாவிலிருந்து விழுந்தது என்று சத்தியம் செய்தார்.

"சோபாவ கோபுரத்துக்கு மேலயா சார் போட்டிருக்கீங்க? கிரிக்கெட்டு தோத்தா ரிமோட்டு என்ன சார் பண்ணும்?" என்று அக்கா போட்ட சத்தத்தில் டீக்கடை வரைக்கும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்க அவர் வீட்டு டிவியில் சமையல் சேனல் மட்டும்தான் ஓடியது. இப்போது நன்றாக ரசம் வைக்கிறார் என்று கேள்வி.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நான்தான் ஒரு புதன்கிழமை அந்தக் கடை வாசலில் திருட்டு முழியோடு நின்றேன். கையில் கேம் கன்ட்ரோலர். பட்டனை அழுத்தினால் நீல விளக்கு கண்ணைக் கண்ணைச் சிமிட்டும், வயரை மாட்டினாலும் கன்சோலோடு மட்டும் சேராது.

நடந்தது இதுதான். அண்ணன் ஷார்ஜாவில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் அவன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் கால்பந்து கேம் விளையாடுவோம். பெயருக்குத்தான் விளையாட்டு, ஹெட்போனில் ஊர்க்கதைதான் ஓடும். போன வெள்ளிக்கிழமை, ஒரு கோல் போட்ட கையோடு, "இந்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் வரமுடியாதுலே" என்றான். மூன்றாவது வருடம்! வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவனும் சொன்னான். கன்ட்ரோலர் பீரோவில் போய் மோதியது.

ஆத்திரம் அடங்காமல், எடுத்து எல்லாப் பட்டனையும் சேர்த்து அமுக்கியும் பார்த்தேன். அதோடு சரி. ஃபோனில் கூப்பிடலாமே என்பீர்கள். முதலில் கூப்பிடுகிறவன் தோற்றவன் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கேமில் அப்படி இல்லை, ஒன்றும் நடக்காததுபோலப் போய் நின்றுகொள்ளலாம். எனக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது, அதையும் நானே உடைத்துத் தொலைத்திருந்தேன்.

"விழுந்துச்சா, எறிஞ்சியா?"

"விழுந்துச்சுக்கா."

அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விழுந்தா மூலையில அடிபடும். இது முதுகுல வாங்கியிருக்கு. யார்ட்டலே பொய் சொல்லுத? சவத்து மூதி, அது உன்ன என்ன பண்ணுச்சு?"

"இந்த வெள்ளிக்கிழமை வேணும்க்கா, எங்க அண்ணன்..."

"அடுத்த புதன் வா. வரும்போது பெட்டியையும் வயரையும் சேத்துக் கொண்டா."

எனக்கு வந்த கோபத்தில் அந்த அலமாரியையே தூக்கி எறிந்திருப்பேன். எறிந்தால் அதற்கும் ஒரு வாரம் போடுவார். வெள்ளிக்கிழமை டிவி முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்து, அண்ணனை, அக்காவை, என்னை என்று வரிசையாகத் திட்டினேன்.

புதன்கிழமை கன்சோலையும் வயரையும் கொண்டுபோனேன். அக்கா வளையலில் இருந்து ஒரு ஊக்கைக் கழற்றி, கன்ட்ரோலரின் முதுகில் இருந்த பொடி ரீசெட் ஓட்டைக்குள் விட்டு அழுத்தினார். பிறகு என் வயரைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"இது எதுக்கு உள்ள வயரு?"

"ஷேவிங் டிரிம்மருக்கு உள்ளது."

"இது சார்ஜ் மட்டுந்தான் ஏத்தும், தகவல் போவாது. இத மாட்டிட்டு அஞ்சு நாளு மல்லுக்கட்டியிருக்க! எறிஞ்சதுல இதுக்கு ஒண்ணும் ஆகலலே. நீ பட்டனப் போட்டு அமுக்குனதுல பெட்டியையே மறந்துட்டு."

வேறு வயரை மாட்டி நடுப் பட்டனை அழுத்தினார். விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நின்று எரிந்தது. ஒரே நிமிட வேலை. அதற்கு எட்டு நாள்!

வெள்ளிக்கிழமை போய் நின்றேன். அண்ணன் இருந்தான். இருவரும் ஒரு கோல்கூடப் போடாமல் பந்தை உருட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் நானே சட்டத்தை மீறினேன்.

"போன வாரம் என்னால வரமுடியல. கன்ட்ரோலர எறிஞ்சிட்டேன்."

"நானுந்தாம்லே" என்றான் அண்ணன். "நேத்துதான் புதுசு வாங்கினேன்."

மறுநாள் இதை அக்காவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், எறிந்தவர்கள் நோட்டை எடுத்து விரித்தார்.

"அவன் பேரு என்ன?"

"அவன் ஷார்ஜாவுல எறிஞ்சான்க்கா!"

"எங்கன நின்னு எறிஞ்சா என்ன? இந்த ஊருப் பயதான?" என்று திட்டிக்கொண்டே என் பெயருக்குக் கீழே அவன் பெயரை எழுதினார்.

தபசு வந்தது, போனது. அண்ணன் வரவில்லை. இந்த ஊரில் நாங்கள் இருவரும் இன்றைக்கு ஒன்றாக இருப்பது அந்த நோட்டில் மட்டும்தான். அதற்காக அக்கா என்னை ஆயுளுக்கும் திட்டட்டும்.