டோடி வைஸ்மனின் சுத்தமான பேச்சு

"அம்மணி, இன்று வானிலை சற்று மந்தமாக உள்ளது" என்றார் டோடி வைஸ்மன், வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல.

எல்ஸ்பெத் பதிவுக் கருவியை நிறுத்தினாள். நான்காம் முறை. இந்த மாதிரி வானத்தை ஸ்காட்ஸ் மொழியில் 'ட்ரீஹ்' என்பார்கள். அந்தச் சொல்லை முடிக்கும்போது தொண்டை கரகரக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் பான்ஃப் கடற்கரைப் பேச்சை அகராதிக்காகப் பதிவு செய்ய அவளுக்குக் கொடுத்த கெடு இன்றோடு சரி. எண்பத்தாறு வயதில் தனியாக இருக்கும் இந்த மீனவர் வாய் திறக்காவிட்டால், இவ்வூருக்கான பக்கம் வெற்றுத்தாள்.

தானே தொடங்கிவைத்தால்?

"நானும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான் பெரியவரே. என்ன இது, வானம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்குது?"

டோடி கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் ஸ்காட்ஸ் பேசினால் உள்ளங்கையில் தோல்வார் விழுந்த தலைமுறை.

"தாங்கள் நாகரிகமாகப் பேசலாமே, அம்மணி."

கருவியைப் பார்த்துத்தான் மிரளுகிறாரோ என்று அதைப் பைக்குள் போட்டாள். பை திறந்தே இருந்தது. அவரோ கல்யாணப் பரிசாக வந்த பீங்கான் கோப்பைகளை எடுத்துவந்தார். தேநீரைச் சத்தமில்லாமல் குடித்தார். ஓட்ஸ் ரொட்டியை முள்கரண்டியால் குத்தினார்; அது துள்ளிப்போய்த் தரையில் விழுந்தது. நாய் கவ்விக்கொண்டது.

"அட எழவெடுத்த மூதி..."

எல்ஸ்பெத் பைக்குள் கையை விட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. டோடி பார்த்துவிட்டார்.

"அன்பார்ந்த நாயே, அதைத் தயவுகூர்ந்து கீழே வைப்பாயாக."

நாய் யாரிடம் பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்தது.

"பெரியவரே, மூணு மணி நேரமாச்சு. நான் அகராதிக்காரி. ஒரே ஒரு வார்த்தை, நீங்க வீட்டுல பேசுற மாதிரி."

"இல்லத்தில் யான் எப்போதும் இவ்விதமே உரையாடுவேன்."

அவள் குறிப்பேட்டை மூடினாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. கைகுலுக்கி வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டு பெல்லா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்ன கண்ணு, முடிஞ்சுதா? என்னன்னு எழுதியிருக்க?"

"ஒண்ணும் தேறாதுன்னு எழுதிட்டேன்."

பெல்லாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயையோ, அப்ப அவரைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்துல தள்ளிருவீங்களா? அகராதி கிகராதின்னு சொல்லிக்கிட்டுத்தான் கவர்மெண்டு ஆளுங்க புத்தி தெளிவா இருக்கான்னு சோதிக்க வருவாங்கன்னு, மூணு நாளா தெருவே கூடி அந்த மனுசனுக்கு இந்தப் பேச்சைப் பழக்கிவிட்டோமே!"