அஸார் திறந்த ஃபைல்

‘இந்த ஃபைலை அஸார் திறந்து வைத்திருக்கிறார். படிக்கலாம்; திருத்த முடியாது’ என்றது லேப்டாப்.

மீரா உசேன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அஸார் அவர் மகன். ஷார்ஜாவில் இருந்தான். ஃபைல் இருந்ததோ கூத்தாநல்லூரில், கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டரில். ஷார்ஜாவுக்குப் போகுமுன் அத்தாவின் பயோடேட்டாவை அதில் அடித்துவைத்து, மாடியிலிருந்தே திறக்கும்படி இணைத்துக் கொடுத்திருந்தான்.

துபாய் வேலை முடிந்து மீரா உசேன் திரும்பி எட்டு மாதம். இப்போது கத்தாரில் ஏசி மெக்கானிக் வேலை ஒன்று வந்திருந்தது. பயோடேட்டாவில் புது பாஸ்போர்ட் எண்ணைச் சேர்த்து, சாயங்காலத்துக்குள் சென்னை ஏஜென்ட்டுக்கு அனுப்ப வேண்டும்.

மகனுக்குப் போன் போட்டார்.

“என் பயோடேட்டாவை அங்கேருந்து ஏம்ப்பா திறக்குறே?”

“அத்தா, நான் சாரத்துல நிக்கிறேன். கையில ஸ்பேனர்தான் இருக்கு.”

“உன் பேருதானே வருது?”

“அது அந்த மெஷினுக்கு நான் வச்ச பேரு. கீழ யாராச்சும் திறந்திருப்பாங்க.”

“கீழ உங்கம்மாதான் இருக்கா. உன் மூஞ்சியப் பாத்துப் பேசுறதத் தவிர அவளுக்கு அதுல என்ன தெரியும்?”

“அப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

இறங்கினார். நஃபீசா கொடுவா மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார்.

“ஏங்க, திருவாரூர்ல நீங்களே ஒரு ஏசி கடை போட்டா என்ன?”

“பேசாம மீனைப் பாரு.”

கல்யாணமாகி இருபத்தேழு வருடம். லீவுகளைக் கூட்டினால் சேர்ந்திருந்தது மூன்று வருடம் தேறும். நஃபீசா கூட்டிப் பார்த்திருந்தாள்.

முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடியேறினார். மறுபடி அஸார்.

இறங்கி வயரைப் பிடுங்கினார். மாடியில் ஃபோல்டரே காணோம். இறங்கிச் செருகிவிட்டு ஏறினார். அஸார்.

வேறு பெயரில் நகலெடுத்தார். எண்ணைச் சேர்த்த நகல் எது, சேர்க்காதது எது என்று குழம்பி, இன்னொரு நகல் எடுத்தார். கடைசியில் மேலே இருந்த ஒன்றை அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஏஜென்ட் கூப்பிட்டார்.

“பாய், வயசு இருபத்தஞ்சு, கல்யாணம் ஆகலைன்னு போட்டிருக்கீங்க?”

“அது என் பையனோடது!”

“கத்தார்காரங்களுக்குப் புடிச்சிருக்கு. பையனையே அனுப்புறீங்களா?”

“நான்தான் போறேன். இப்பவே மாத்தி அனுப்புறேன்.”

“ஆறு மணிக்கு மேல ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவாங்க பாய்.”

இனி நகல்களை நம்ப முடியாதென்று ஆள் கூப்பிட்டார். ஐந்தரைக்கு, கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சாமிதுரை வந்தார். கீழே உட்கார்ந்து மவுஸை இரண்டு தட்டுத் தட்டினார்.

“பாய், ஃபைல் இங்கதான் திறந்திருக்கு. சுருக்கி அடியில வச்சிருக்காங்க. மூடிடவா?”

நஃபீசா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

“மூடாதீங்க தம்பி! அவங்க மாடியேறி முடிக்கிறதுக்குள்ள நான் மறுபடி தேடித் திறக்கணும். காலையிலேருந்து இதே வேலை, மீனெல்லாம் கருகிப்போச்சு.”