எங்கள் ஜன்னல் உடைந்த விவரம்

ஒக்கலிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தனக்கோடி அக்காவுக்கு, தம்பி அய்யாவு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் மகள் சங்கமித்ராவும் நலம். மங்களம் நலமா என்பதை நீதான் போன் போட்டுக் கேட்டுச் சொல்ல வேண்டும். என் பெண்டாட்டி என்னோடு பேசி நான்கு நாள் ஆகிறது.

சங்கமித்ராவின் வேலை உனக்குத் தெரியும். பக்கத்தில் குண்டு வெடித்தால் ஒரு கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடி தாங்குமா என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே வெடித்துப் பார்ப்பது. சத்தமே இல்லாத வேட்டு. கண் இமைக்கிற நேரத்தில் நடப்பதை நாள் முழுக்கக் கணக்குப் போட்டு மெதுவாகக் காட்டும். ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடி உடனே உடையவில்லை அக்கா. கொடியில் காயும் புடவைக்குள் காற்று புகுந்த மாதிரி உப்பியது, அப்படியே கொஞ்சம் நின்றது, பிறகு நடுவில் ஒரு கோடு, அதிலிருந்து நூறு கோடு, துண்டுகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. அவ்வளவு அழகு. அன்றிலிருந்து பஸ்ஸில் போனாலும் என் கண்முன் கண்ணாடிதான் மிதக்கிறது. ஆஸ்டின் டவுனில் இறங்க வேண்டியவன் கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பினேன்.

சும்மா இருக்க முடியாமல், "நம்ம ஜன்னலப் போட்டுப் பாரும்மா" என்றேன். முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன், நானே டேப் பிடித்தேன். நீளம், அகலம், கண்ணாடியின் கனம், மங்களத்தின் நாற்காலி எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பது வரை. கம்ப்யூட்டரில் எங்கள் கண்ணாடி உப்பி, யோசித்து, உடைந்து, ஒரு துண்டு மிதந்து மிதந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சாயங்காலம் காற்று வாங்குகிற இடம்.

அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, துண்டு எட்டாத தூரம் அளந்து, நாற்காலியை நகர்த்தினேன். அந்த இடம் சமையலறையாக அமைந்தது.

"இன்னாத்துக்கு என் சேர அடுப்பாண்ட போட்ட? ஸ்வல்ப காத்து வாங்கறது உனக்குப் பொறுக்கலியா?"

"குண்டு வெடிச்சா இன்னா பண்ணுவ?"

"நம்ம சந்துல யாருய்யா குண்டு போடப் போறான்? ஆட்டோவே நுழையாது!"

அதோடு பேச்சு நின்றது. அன்றிலிருந்து சாயங்காலமானால் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

மாமா சுரங்கத்தில் வேட்டு வைத்த காலத்தில், தங்கவயல் வீட்டில் பாத்திரமெல்லாம் ஆட ஆட நீ சோறு வடித்தவள். நீ சொன்னால் கேட்பாள். ஜன்னல் பக்கம் போக வேண்டாம் என்று எடுத்துச் சொல். மாமாவுக்கு என் வணக்கம். முட்டிவலி குறைந்து இருவரும் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன் தம்பி,
அய்யாவு

பி.கு.: போன் போட வேண்டாம். கவரை ஒட்டுவதற்குள் மங்களம் பிடுங்கிப் படித்துவிட்டாள். "யோவ், அந்த ஜன்னல என்னிக்கு மூடினோம்? பொண்ணு பொறந்த வருஷம் மழையில கதவுக்கட்டை ஊதி மூட வராம போனது, தொறந்தேதானே கெடக்குது!" என்றாள். மகளோ, "மூடின ஜன்னல்னுதாம்ப்பா நான் கணக்கு போட்டேன். தொறந்ததுன்னா எல்லாமே வேற" என்று சிரிக்கிறாள். அத்தனையும் அளந்தவன் இதைப் பார்க்கவில்லை. புதுக் கணக்கு முடிய நாளை சாயங்காலம் ஆகுமாம். அதுவரை மங்களத்தின் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டு, என்னுடையதையும் ஒட்டிப் போட்டிருக்கிறேன். வெடித்தால் இரண்டு பேருக்குமாக வெடிக்கட்டும். நல்ல காற்று வருகிறது, அக்கா.