தோக்சு வீட்டு முதல் பக்கம்

"இனிமே இந்த வீட்டுல இண்டர்நெட் சொல்றதுதான் சட்டம்"னு தோக்சு அறிவிச்சது ஒரு திங்கக்கிழமை காலையில. கேக்குறதுக்கு வீட்டுல இருந்தது ஒரே ஒரு ஆள். அவங்களும் முள்ளங்கி நறுக்கிக்கிட்டு இருந்தாங்க.

"சரிங்க"ன்னாங்க யங்ரான்.

அப்பவே தோக்சு உஷாராயிருக்கணும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல அவர் பொண்டாட்டி ஒரே வார்த்தையில சரின்னது அன்னைக்குத்தான்.

தேகு நகரத்துல சுவருக்குத் தாள் ஒட்டுற கடை தோக்சுவுக்கு. வயசு அம்பத்தெட்டு. பசை வாளியைத் தூக்கிக்கிட்டு ஏணியில ஏறினார்னா ராஜாதான். ஆனா அந்த ரெண்டாயிரமாவது வருஷம் என்ன ஆச்சோ, நாலாவது படியிலயே யாரோ நெஞ்சுல உக்காந்த மாதிரி இருந்துச்சு. ரத்தக் குழாயைச் சோதிச்சுப் பாக்கணும்னு டாக்டர் தேதி எழுதிக் கொடுத்தாரு. தோக்சு அந்தச் சீட்டை நாலா மடிச்சு, ஆடுற மேசைக் காலுக்கு அடியில வச்சாரு. மேசை ஆட்டம் நின்னுச்சு. சீட்டால ஆன பிரயோஜனம் அவ்வளவுதான்.

"சோதனைக்குப் போகணும், போமி அப்பா"ன்னாங்க யங்ரான், மக பேரைச் சொல்லி.

"அதெல்லாம் வேணாம்."

"சிகரெட்டையாவது விடுங்களேன்."

"எங்க எழுதியிருக்கு?"

இதுதான் அவரோட பிரம்மாஸ்திரம். உப்பைக் குறைங்கன்னா, எங்க எழுதியிருக்கு? காதுல கம்பளி மாட்டிக்கிட்டுப் போங்கன்னா, எங்க எழுதியிருக்கு? யங்ரான் திரும்ப முள்ளங்கி நறுக்கப் போயிடுவாங்க. வாயால சொல்ற எதுவும் எங்கயும் எழுதியிருக்கிறதில்லையே.

மக போமி சியோலுக்கு வேலைக்குப் போனப்போ தன்னோட கம்ப்யூட்டரை வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டா. தோக்சு அதை யார்கிட்டயும் கேக்காம தானா கத்துக்கிட்டாரு. திரையில இருக்கிற பொத்தானை அமுக்கணும். அப்புறம் குட்டியா ஒரு வீட்டுப் படம் இருக்கும், அதை அமுக்கணும். இண்டர்நெட்டோட முதல் பக்கம் வந்துரும். காலையில நாடு முழுக்க எல்லாருக்கும் அதே பக்கம்தான் வரும், பேப்பர் மாதிரி. படிச்சு முடிச்சதும் திரைப் பொத்தானை மறுபடி அமுக்குனா கம்ப்யூட்டர் அணைஞ்சுரும். இம்புட்டுதான் இண்டர்நெட்.

மேசைக்குக் கீழ ஒரு பெட்டி இருந்துச்சு. பகல் ராத்திரின்னு இல்லாம முனகிக்கிட்டே வெதுவெதுன்னு இருக்கும். குளிருக்குக் கால் வச்சுக்கத்தான் இதைக் கொடுத்திருக்கான், கம்பெனிக்காரன் கெட்டிக்காரன்னு மெச்சிக்கிட்டு, தோக்சு ரெண்டு பாதத்தையும் அதுமேல வச்சுக்குவாரு.

அந்தச் சமயம் பாத்து வட்டார அலுவலகத்துல வீட்டம்மாக்களுக்கு இலவசமா இண்டர்நெட் வகுப்பு ஆரம்பிச்சாங்க. யங்ரான் நோட்டோட கிளம்பிட்டாங்க.

"என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"

"திரை வேற, கம்ப்யூட்டர் வேறயாம். கீழ இருக்கிற பெட்டிதான் கம்ப்யூட்டராம்."

"எனக்குத் தெரியாததா?"ன்னாரு தோக்சு, பெட்டி மேல காலை மாத்தி வச்சுக்கிட்டு.

"ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி இருக்காம். யார் வேணும்னாலும் ஒரு பக்கம் எழுதி வைக்கலாமாம்."

"யார் வேணும்னாலுமா? முள்ளங்கி நறுக்குறவங்க எல்லாம் எழுத ஆரம்பிச்சா இண்டர்நெட் உருப்படுமா?"

"அதானே"ன்னாங்க யங்ரான். நாலாவது பாடம் முடிஞ்ச வாரம் அது.

அடுத்த புதன்கிழமை காலையில வீட்டுப் படத்தை அமுக்குனாரு தோக்சு. வழக்கமா வர்ற செய்திப் பக்கத்தைக் காணோம். இளம்பச்சையில புதுசா ஒரு பக்கம். ஓரத்துல ஒரு மக்னோலியாப் பூ. மேல கொட்டை எழுத்துல, "ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு."

"போமி அம்மா! இண்டர்நெட்டு மாத்திட்டான்!"

"என்ன எழுதியிருக்கு?"

"சோஜு சாராயம் ரெண்டு கிளாசுக்கு மேல வேணாமாம். சிகரெட்டு கூடவே கூடாதாம். அப்புறம்... சாப்பிட்ட கிண்ணத்தைத் தானே கழுவுறவங்களுக்கு இடுப்பு வலி வராதாம்."

"அடேங்கப்பா. எழுதியே இருக்கா?"

சட்டம் போட்டவரு எப்படி மீறுவாரு? எழுந்து போய்க் கிண்ணத்தைக் கழுவுனாரு. ஒரு வாரத்துல சிகரெட்டு நாலாச்சு. அப்புறம் ரெண்டாச்சு. அப்புறம் சட்டைப் பையில வெறும் தீப்பெட்டி மட்டும் இருந்துச்சு. கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமை அடிச்சாரு. "பக்கத்தோட அடியில எத்தனை பேர் வந்தாங்கன்னு கணக்கு வருதுய்யா. நானூறைத் தாண்டிருச்சு. நாடே திருந்துது."

அந்தப் பக்கத்துல வந்தவங்க ஏதாவது எழுதிட்டுப் போக ஒரு ஏடும் இருந்துச்சு. ஒரு நாள் யங்ரான் வகுப்புக்குப் போயிருந்த நேரத்துல தோக்சு அதைத் திறந்தாரு. ஒத்தை விரலால, எழுத்து எழுத்தா, ஒரு மணி நேரம் தட்டுனாரு. பேரு போடல. "ஏணிக்காரன்"னு போட்டாரு.

"டாக்டர் ஐயா, எனக்கு இதயத்துல சோதனை பண்ணணும்ங்கிறாங்க. போனா ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு. வீட்டுல சொன்னதில்ல. எனக்கு ஒண்ணு ஆயிட்டா என் சம்சாரம் தனியா என்ன பண்ணுவா? அவளுக்கு வீட்டைச் சூடாக்குற பாய்லரை அணைக்கக்கூடத் தெரியாது."

திரையை அணைச்சுட்டுக் கடைக்குப் போயிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் யங்ரான் பொரிச்ச மீனுல முள்ளை எடுத்து, சதையை ஒவ்வொரு துண்டா அவரு கரண்டிச் சோத்து மேல வச்சாங்க. கல்யாணமான புதுசுல செஞ்சது.

"என்ன இன்னைக்கு?"

"முள்ளு ஜாஸ்தி. பேசாம சாப்பிடுங்க."

மறுநாள் ஏட்டுல பதில் வந்திருந்துச்சு.

"ஏணிக்காரருக்கு. பயமா இருந்தா சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவங்களுக்கும் பயமாத்தான் இருக்கும், ரெண்டு பேரும் சேந்தே பயப்படலாம். தேதிச் சீட்டு மேசைக் காலுக்கு அடியில இருக்கான்னு பாருங்க. அப்புறம், பாய்லரை இருபத்தாறு வருஷமா நீங்க மறந்துட்டுப் போறீங்க, அவங்கதான் அணைக்கிறாங்க."

தோக்சு அசந்து போயிட்டாரு. "அடேயப்பா! மேசைக் கால் வரைக்கும் கண்டுபிடிச்சிருக்காரே! சாமானியப்பட்ட டாக்டர் இல்ல இவரு!"

சீட்டை உருவுனாரு. மேசை மறுபடி ஆடுச்சு.

"போமி அம்மா, வியாழக்கிழமை சோதனைக்குப் போறேன். கூட ஒரு ஆள் வரணும்னு எழுதியிருக்கு. உனக்கு வேலை இருந்தா வேணாம்."

யங்ரான் ஏற்கனவே கோட்டு மாட்டுற கொக்கியைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. "வேலை ஒண்ணும் இல்லைங்க"ன்னாங்க.

சோதிச்சுப் பாத்தா ஒரு ரத்தக் குழாய் பாதிக்கு மேல அடைச்சிருந்துச்சு. உள்ள சின்னதா ஒரு வலைக்குழல் வச்சு விரிச்சு விட்டாங்க. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா ஏணியிலேயே முடிஞ்சிருக்கும்னாரு டாக்டர். நாலாம் நாள் தோக்சு வீட்டுக்கு வந்து, முதல் வேலையா அந்தப் பச்சைப் பக்கத்தைத் திறந்து, திரைக்கு முன்னால எழுந்து நின்னு, குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டாரு. யங்ரான் சட்டுன்னு சமையல்கட்டுக்குள்ள போயிட்டாங்க.

வகுப்போட கடைசி நாளு விழா. வீட்டுக்காரர்களும் வரலாம்னாங்க. தோக்சு டை கட்டிக்கிட்டுப் போனாரு. பாடம் நடத்துற பொண்ணு, மாணவிகள் செஞ்ச பக்கங்களை ஒவ்வொண்ணா சுவத்துல காட்டுச்சு. ஒரு அம்மாவோட கிம்ச்சி ஊறுகாய்ப் பக்கம். இன்னொரு அம்மாவோட நாய்ப் பக்கம். அடுத்தது இளம்பச்சை. மக்னோலியாப் பூ.

தோக்சு துள்ளி எழுந்தாரு. "ஏம்மா! இது திருட்டு! இது இண்டர்நெட்டோட முதல் பக்கம்! எங்க வீட்டுல தினமும் வருது!"

"ஐயா, வீட்டுல யாரு எதை முதல் பக்கமா வைக்கிறாங்களோ அதுதான் வரும். நாலாவது பாடம். இது உங்க வீட்டம்மா எழுதுனது."

முப்பது பொம்பளைங்க சிரிச்ச சிரிப்புல ஜன்னல் அதிர்ந்துச்சு. தோக்சு சிரிப்பைக் கவனிக்கல. அவரு கண்ணு சுவத்துல எதையோ தேடுச்சு. பூ இருந்துச்சு, சோஜு இருந்துச்சு, கிண்ணம் இருந்துச்சு. அந்த ஏட்டை மட்டும் காணோம். ஊர் பாக்குறதுக்கு முன்னாலயே யங்ரான் அதை எடுத்துட்டாங்க.

திரும்பி வர்ற வழியில ரெண்டாவது தெரு முனையில தோக்சு நின்னாரு.

"நானூறு பேரு வந்தாங்கன்னு போட்டிருந்துச்சே, அதுவும் பொய்யா?"

"நிசம்தான். நீங்க ஏட்டுல எழுதுறதுக்கு முன்னால பாதி நீங்க, பாதி நான். அதுக்கப்புறம் முக்காவாசி நான்தான்."

தோக்சு கையை நீட்டி அவங்க நோட்டை வாங்கி, வீடு வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்தாரு. ஆனா மனசுக்குள்ள ஒரு புதுத் தீர்மானம் போட்டாச்சு. நாளையிலேருந்து இண்டர்நெட்டாவது ஒண்ணாவது. தன் புத்திதான் சட்டம்.

மறுநாள் காலையில, சும்மா செய்தி பாக்கத்தான், திரையை அமுக்குனாரு. காலைப் பெட்டி மேல வச்சாரு. பச்சைப் பக்கத்துல ஒரே ஒரு வரி இருந்துச்சு.

"போமி அப்பா, காலை எடுங்க. அதுதான் கம்ப்யூட்டர், நாலு மாசமா அணைக்கவே இல்ல."