சங்கடம் அண்ணனின் மூன்றாவது பேஸ்

கல்லில் காலை இடித்துக்கொண்டால் கல்லிடம் மன்னிப்புக் கேட்கக்கூடிய மனிதர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் வீதியில் இருந்தார். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "நெம்ப சங்கடமுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்த அந்த வீதி முழுக்க அவருக்குச் சங்கடம் அண்ணன் என்றே பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

மில்லில் ஃபிட்டராக இருந்தவர். தொண்ணூறுகளில் மில்லை மூடியபோது கைக்கு வந்ததை வைத்து இரும்பு கடைகிற பழைய லேத் ஒன்றை வாங்கிப் பின்கட்டு ஷெட்டில் இறக்கினார். லேத் மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்ட் வேண்டும். வீட்டுக்கு வருவதோ ஒற்றை பேஸ். இது அவருக்குத் தெரியாததல்ல. விற்றவர் "எடுத்துக்குங்க" என்று சொன்ன பிறகு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மூணு பேஸ் லைனுக்கு மின்வாரிய ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். "என்னாச்சுன்னு போய்க் கேளுங்கண்ணா" என்றேன்.

"ஒருக்கா கேட்டாச்சுங்க தம்பி. மறுக்காவும் போய் நின்னா அவிகளுக்குச் சங்கடமில்லீங்களா?"

லேத் தூங்கியது. ஆனால் அண்ணன் தினமும் காலையில் காக்கிச் சட்டையும் டிபன் கேரியருமாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில், திருப்பூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டேன். பார்க்காததுபோல நழுவலாம் என்று திரும்பினேன். அவரே கூப்பிட்டார்.

"ஆம்பள பகல்ல ஊட்ல உக்காந்திருந்தா வெக்கமா இருக்குதுங்க தம்பி" என்றார். பிறகு, பார்த்த பாவத்துக்கு என்னையும் உட்கார வைத்துத் தயிர்சாதத்தில் பாதியைக் கொடுத்தார்.

அன்றைக்கே பேஸ் கன்வர்ட்டர் பார்க்கக் கிளம்பினோம். ஒற்றை பேஸை மூணாக்கித் தரும் சாமான். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். "இந்தக் கண்டென்சர் பொட்டி சத்தமே போடாதுங்க, ஆனா லேத்துக்குப் பலம் பத்தாது. அந்தப் பெரிய மோட்டார் இருக்குதுங்களே, அது ஓடிட்டே கெடந்து மூணாவது பேஸைக் குடுக்கும். லேத்து நல்லா இழுக்கும். கெளப்பறப்ப மட்டும் லைட்டு கொஞ்சம் மங்குமுங்க."

"எதுத்த ஊட்ல டீச்சரம்மா டி.வி. பாப்பாங்க. அவிக என்ன நெனப்பாங்க?"

"எனக்கு அந்த டீச்சரம்மாவைத் தெரியாதுங்களே" என்றார் கடைக்காரர். நான் சுவரிலிருந்த காலண்டரில் நல்ல நேரம் பார்ப்பதுபோல நின்றுகொண்டேன்.

முடிவெடுக்க முடியாமல், சாமியிடம் பூக் கேட்கலாம் என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுத்து உத்தரவு தெரிந்துகொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கோயிலில் நல்ல கூட்டம். பூசாரி உரக்கக் கேட்டார்: "கல்யாணத்துக்குங்களா, கெணறு வெட்டவா?"

"பேஸ் கன்வர்ட்டருக்குங்க."

கூட்டமே திரும்பிப் பார்த்தது. அண்ணன் என்னைக் கைகாட்டி, "தம்பியும் கூட வந்திருக்காப்லீங்க" என்று விளக்கம் வேறு கொடுத்தார். பூமி பிளந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன். வந்தது சிவப்பு. சிவப்பென்றால் பெரிய மோட்டார். அதையே வாங்கிவந்து ஷெட்டில் மாட்டினோம்.

கிரைண்டர் பட்டறைக்காரர் ஒருவர், திங்கட்கிழமை காலைக்குள் ஷாஃப்ட் கடைந்து கொடுத்தால் தொடர்ந்து வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு வாரம் இருந்தது. ஆனால் அண்ணன் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், "ஒரு நிமிசம் லைட்டு மங்குமுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அனுமதி கேட்பார். எங்கள் வீதியில் வீட்டுக்கு வந்தவரைச் சும்மா அனுப்புவார்களா? இந்த வீட்டில் காபி, அந்த வீட்டில் மோர், அடுத்த வீட்டில் பலகாரம். எல்லாம் முடித்து அவர் திரும்புவதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள். வீதியில் எல்லா டி.வி.யும் ஓடும், வோல்டேஜ் இறங்கிவிடும், மோட்டார் முனகிவிட்டுப் படுத்துவிடும். தினமும் இதே கதை.

ஞாயிறு சாயங்காலமும் வந்தார். அன்றைக்கு அனுமதி கேட்க வரவில்லை. நானும் டீச்சரம்மா வீட்டில்தான் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். படம் உச்சக்கட்டத்தில் இருந்தபோது வாசலில் நின்று, "இனிமே லைட்டு மங்காதுங்க அம்மணி. லேத்தைக் குடுத்துப்போடலாம்னு இருக்கறேன். இத்தன நாளா தொந்தரவு பண்ணிப்போட்டேன்" என்றார். கையில் டிபன் கேரியர் இல்லை. ஆனாலும் அந்தப் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சு என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு வாரமாக வீதி முழுக்க அவருக்குக் காபி கொடுத்திருக்கிறோம். ஒருவரும் ஒரு டி.வி.யை அணைத்ததில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

டீச்சரம்மா உள்ளே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். வாசலுக்கு வந்து, வகுப்பில் பேசும் அதே குரலில், "ஏனுங், எல்லாரும் மெயினை ஆஃப் பண்ணுங்க. அண்ணன் மோட்டார் போடோணும்" என்றார். வில்லனை அடிக்கப் போன கதாநாயகனை அப்படியே விட்டுவிட்டு வீதி முழுக்க இருண்டது. ஷெட்டில் நான் டார்ச் பிடித்தேன். அண்ணன் சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஒருமுறை முனகியது. பிறகு சீறிக்கொண்டு கிளம்பியது. லேத்தும் சுற்றியது.

அவர் வாசலுக்கு ஓடிவந்து இருட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்களுக்கெல்லாம் படம் போச்சுங்களே. நெம்ப சங்கடமுங்க."

"நீங்க ஓட்டுங்கண்ணா" என்றார் டீச்சரம்மா.

அண்ணன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். காலையில் ஷாஃப்ட் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சில் அவரை யாரும் பார்க்கவில்லை.

இப்போது நான் இருக்கும் அடுக்குமாடியில் லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் டியூப்லைட் ஒரு கணம் மங்கும். பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, "பரவாயில்லீங்கண்ணா, போடுங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.