வடக்கு கேலரியைப் பூட்ட வேண்டாம்

பந்தாய் உலகைப் படைத்துருட்டும் பேரருளே
சிந்தாமல் காப்பாய் சினம்.

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்தவரும், என் தங்கையின் கணவரும், நம் கால்பந்துக் கழகத்தின் செயலாளருமாகிய மாப்பிள்ளை அவர்களுக்கு மைத்துனன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம். வலது முழங்கால் மட்டும் நலமில்லை. அதன் காரணம் கீழே வருகிறது. அவ்விடம் தாங்களும் குழந்தைகளும் நலமாயிருக்க இறைவனை இறைஞ்சுகிறேன். தங்கையின் நலத்தை நேரில் கேட்டறிய முடியவில்லை. ஞாயிறு மாலையிலிருந்து என் குரலைக் கேட்டதுமே போனை வைத்துவிடுகிறாள். ஆகவேதான் கடிதம்.

மேலே உள்ள இரண்டடியைச் சம்பிரதாயத்துக்கு எழுதியதென்று தாண்டிவிட வேண்டாம். நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே மூலகாரணம். நாளை மாலை செயற்குழு கூடி, வடக்கு கேலரியை அடுத்த பருவம் முழுவதும் பூட்டுவதா என்று முடிவெடுக்கப் போகிறது. தாங்கள் கை தூக்குவதற்கு முன் நடந்ததை நடந்த வரிசையில் அறிந்துகொள்ள வேண்டும். தாங்களும் மைதானத்தில்தான் இருந்தீர்கள். ஆனால் முக்கியமான கட்டத்தில் பிரமுகர்கள் வரிசையில் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

மூன்று மாதங்களுக்கு முன் வடக்கு கேலரியிலிருந்து பறந்த தண்ணீர்ப் பொட்டலம் லைன்ஸ்மேனின் உச்சந்தலையில் வெடித்ததும், இன்னும் ஒரே ஒரு புகார் வந்தால் கேலரிக்குப் பூட்டுத்தான் என்று சம்மேளனம் கடிதம் அனுப்பியதும், அந்த முந்நூறு பிள்ளைகளையும் மேய்க்க ஆளில்லாமல் தாங்கள் என்னை நியமித்ததும் நினைவிருக்கும். ‘எங்க மச்சான் வாராவாரம் சொற்பொழிவு செய்றார், ஒரு பயல் சத்தம் போட்டதில்லை’ என்று கூட்டத்தில் பெருமையாகச் சொன்னீர்களாம். தூங்குகிறவர்கள் சத்தம் போடமாட்டார்கள் என்பதைத் தங்கை தங்களிடம் சொல்லியிருக்கலாம்.

முதல் நாள் வெள்ளை வேட்டி சட்டையில், குடையும் கையுமாகப் படியேறினேன். கேலரியின் தலைவன் ஒரு மோட்டார் மெக்கானிக். அவன் தொண்டையைக் கேட்ட எவரோ அவனுக்குச் ‘சைலன்சர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து, “பெருசு, கிரிக்கெட்டு அடுத்த மைதானத்துல! அம்பயரை அங்கதான் தேடிட்டு இருக்காங்க!” என்றான். முந்நூறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், அது நானாக இல்லாதிருந்தால். ஆட்டம் தொடங்கி அரை மணிக்குள் நடுவரின் தாயார், தமக்கையார், பாட்டனார் என்று மூன்று தலைமுறையினரும் மைதானத்துக்கு வரவழைக்கப்பட்டார்கள். மாப்பிள்ளை, அந்தக் காலத்துப் புலவர்களும் வசை பாடியவர்கள்தாம். ஆனால் அந்த வசையில் எதுகை இருந்தது, மோனை இருந்தது, தளை தட்டவில்லை. இவர்களிடம் தளையே இல்லை!

இடைவேளையில் அறிவுரை சொல்லிப் பார்த்தேன். மேளக்காரன், பேக்கரியில் அடுப்புப் பார்க்கிறவன், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ‘டம்’ என்று ஒரு அடி கொடுத்தான். நான்காவது வாக்கியத்தில் நானே அந்த அடிக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். அங்கேதான் எனக்கு யுக்தி பிறந்தது.

“திட்டவே கூடாதுன்னா நாங்க எதுக்கு வரணும்? வீட்லயே உக்காந்துக்கலாமே!” என்றான் சைலன்சர்.

“திட்டலாமே” என்றேன்.

“என்னது?”

“தாராளமாத் திட்டலாம். ஆனா எந்தக் காரியத்துக்கும் ஒரு முறை இருக்கு. முதல்ல எழுந்து நிக்கணும், தொப்பியைக் கழட்டணும், காப்புச் செய்யுளை மெதுவா மூணு தரம் பாடணும். அப்புறம் யாரைத் திட்டணுமோ அவரை மரியாதையா விளிக்கணும். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்.”

“அதுக்குள்ள பந்து அந்தக் கோடிக்குப் போயிடுமே, ஐயா!” என்றாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். கேலரியின் கொடி அவள் கையில். நாவும் அதே நீளம்.

“போயிடுமா?” என்றேன், ஒன்றும் அறியாதவன்போல.

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். புரிந்துகொண்டாள். பிறகு திரும்பி, “டேய், சனிக்கிழமை சனிக்கிழமை மைதானத்துக்கு உருளை இழுக்கிறது நாம, சுண்ணாம்புக் கோடு போடுறது நாம. பூட்டிட்டாங்கன்னா வெளிய நின்னு சுவத்தைத்தான் பாக்கணும். பாடித் தொலைங்கடா!” என்றாள். அந்த ஒரு வாக்கியம் என் நாற்பதாண்டுச் சொற்பொழிவுகள் செய்யாததைச் செய்தது.

அன்றிரவே மேற்கண்ட இரண்டடியை இயற்றி, ஆலயமணி போல நிதானமான ஒரு மெட்டில் அமைத்தேன். அடுத்த ஆட்டத்தில் லைன்ஸ்மேன் அநியாயமாக ஆஃப்சைடு கொடி தூக்கினார். முந்நூறு தொப்பிகள் கழன்றன. முந்நூறு தொண்டைகள் ‘பந்தாய் உலகை’ என்று எடுத்தன. சீருக்கு ஒரு ‘டம்’. மும்முறை முடிந்ததும் மருந்துக்கடைப் பெண் கொடியைச் சாய்த்துப் பிடித்து, “மதிப்பிற்குரிய லைன்ஸ்மேன் அவர்களே, எங்கள் கடையில் நல்ல கண் சொட்டு மருந்து வந்திருக்கிறது. நேரில் வந்து பெற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்!” என்றாள். லைன்ஸ்மேன் சிரித்துக் கும்பிட்டார். மூன்று மாதம், ஒன்பது ஆட்டம், ஒரு புகார் இல்லை. ‘பெருசு’ என்றவர்கள் ‘ஐயா’ என்றார்கள். எனக்கும், ஒளிப்பானேன், ஞாயிற்றுக்கிழமை எப்போது விடியும் என்றாகிவிட்டது. என் மனைவி, தங்கள் அக்காள், போனபிறகு பதினோராண்டுகளாக ஞாயிறு எப்போது முடியும் என்றுதான் காத்திருந்தேன்.

இனிக் கடந்த ஞாயிறு. வென்றால் முதல் பிரிவில் நீடிப்போம், சமநிலையென்றால்கூடக் கீழே இறங்குவோம் என்ற ஆட்டம். நாலே நிமிஷம் மீதி, ஒரு கோலும் இல்லை. அப்போது எதிரணிக்காரர் ஒருவர் கோலுக்கெதிரே பந்தைக் கையால் தட்டினார். முழங்கையால்கூட இல்லை, மாப்பிள்ளை, விரித்த உள்ளங்கையால், மாவு தட்டுவதைப்போல! பெனால்டி கொடுக்க வேண்டிய நடுவர், அவர் கணக்கு வாத்தியார், ‘ஆடுங்கள்’ என்று கைகாட்டிவிட்டார். முந்நூறு வாய்களும் திறந்தன. இன்றைக்கு அணை உடைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பாட்டுக் கேட்டது! எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியப் பாடினார்கள். துக்கம் தோய்ந்ததால் அன்றைக்கு இன்னும் மெதுவாகப் பாடினார்கள். அந்தப் பாட்டை அதுவரை கேட்டிராத எதிரணியின் கோல் கீப்பர், யாரோ பெரியவர் காலமாகிவிட்டார், அஞ்சலி செலுத்துகிறார்கள் என்று எண்ணிக் கையுறைகளைக் கழற்றித் தலைகுனிந்து நின்றார். அவரைப் பார்த்து அவருடைய தடுப்பாட்டக்காரர்கள் நின்றார்கள். அவர்களைப் பார்த்து நம்மவர்கள் நின்றார்கள். நடுவரும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் ஒருவனே: நம் இடதுபக்க ஆட்டக்காரன். காதுவலிக்கென்று மருந்துக்கடைப் பெண் காலையில்தான் அவனுடைய இரு காதுகளிலும் சொட்டு மருந்து விட்டுப் பஞ்சடைத்திருந்தாள். எல்லாரும் ஏன் வழிவிடுகிறார்கள் என்று வியந்துகொண்டே பந்தை உருட்டிச் சென்று, தலைகுனிந்து நின்ற கீப்பரின் கால்களுக்கு நடுவே தள்ளினான்.

கோல்!

கண்ணைத் திறந்த நடுவர், “நான் பாக்கலையே! பாக்காத கோலை எப்படிக் குடுப்பேன்?” என்றார்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? முறை தவறாமல், காப்பை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். சம்மேளனத்துக்குச் சென்ற அறிக்கையில், ‘வடக்கு கேலரியிலிருந்து வயது முதிர்ந்த ஒருவர் மைதானத்துக்குள் புகுந்தார்’ என்று இருக்கிறதல்லவா? அந்த ஒருவர் யாரென்று அறிக்கை சொல்லவில்லை. நான் சொல்லிவிடுகிறேன். இடுப்பளவு கம்பித் தடுப்பை எழுபத்திரண்டு வயதில் எப்படித் தாண்டினேன் என்று என்னைக் கேட்காதீர்கள், முழங்காலைக் கேளுங்கள். குடையைச் சுழற்றிக்கொண்டு நடுவர்முன் போய் நின்று, காப்பும் இல்லாமல் விளியும் இல்லாமல், “யோவ்! கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? நீயெல்லாம் கணக்கு வாத்தியாரா? ஒண்ணுன்னு எண்ணத் தெரியலையேய்யா உனக்கு!” என்று கத்தினேன். தொடர்ந்து வந்தவற்றை எழுத இந்தத் தாள் தாங்காது. அவை எனக்குள் எங்கே இருந்தன என்று எனக்கே தெரியாது. பிரமுகர்கள் வரிசையிலிருந்து “ஐயோ, அண்ணே!” என்று ஒரு குரல் கேட்டது. அது தங்கை.

பாட்டு நின்றுவிட்டது. முந்நூறு பேரும் என்னையே பார்த்தார்கள். சைலன்சர் தடுப்புக்கு அப்பாலிருந்தே, உள்ளே ஒரு காலும் வைக்காமல், ஊருக்கே கேட்கும்படி அலறினான்: “ஐயா! முதல்ல காப்பு! முதல்ல காப்புப் பாடுங்க ஐயா!”

எனக்குத் தரை பிளந்துகொள்ளாதா என்றிருந்தது. குடையை மடக்கினேன். அந்தப் புல்தரை நடுவில் நின்று நானே பாடினேன். ஒரு தரம் பாடியும் கோபம் ஆறவில்லை. இரண்டாம் தரத்தில் மேளக்காரன் சேர்ந்துகொண்டான். மூன்றாம் தரத்தில் முந்நூறு பேரும் சேர்ந்தார்கள். முடிந்தபோது, மெய்யாகவே, சினம் இல்லை. “மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, கீப்பரையே கேட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன்” என்றேன்.

நடுவர் கேட்டார்: “பந்து உள்ள போச்சா தம்பி?”

கீப்பர் கையுறையைப் பிசைந்தார். “சாமி பாட்டுக்கு நின்னுட்டு உடனே பொய் சொல்ல வரலை சார். போச்சு. காலுக்கு நடுவுல.”

விசில்! மாப்பிள்ளை, அந்த விசிலுக்குப் பிறகு என்னைத் தோளில் தூக்கியது மெக்கானிக்கா பேக்கரிக்காரனா என்று தெரியவில்லை. என் சட்டையில் கிரீஸும் இருக்கிறது, மாவும் இருக்கிறது.

ஆகவே என் விண்ணப்பம் இது. முறை தவறியவர்கள் முந்நூறு பேர் அல்லர், ஒருவனே. கேலரியைப் பூட்டாதீர்கள், என்னைத் தடை செய்யுங்கள். வாழ்நாள் தடை என்று எழுதித் தாங்களே கையெழுத்திடுங்கள். உறவென்று தயங்க வேண்டாம். சைலன்சர் நேற்று வந்து, “நீங்க இல்லாம யாருய்யா எடுத்துக் குடுப்பா?” என்று கேட்டான். “நீதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்தின பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றேன். இனி அந்த வாசலை மிதிக்கமாட்டேன், பந்து என்ற பொருளைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டேன், எஞ்சிய ஞாயிறுகளை ஓதுவதிலேயே கழிப்பேன் என்று இதனால் உறுதி கூறுகிறேன்.

உலகை உருட்டுகிற பேரருள் தங்கள் இல்லத்தில் என்றும் நின்று நிலவுக. தங்கள் கைகள் நாளை நல்லதற்கே உயர்க. என் தங்கையின் சினம் மூன்று தரம் பாடும் முன்பே ஆறுக. குழந்தைகள் கல்வியும் கால்வலுவும் பெற்று நீடு வாழ்க.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு. – மருந்துக்கடையின் மொட்டைமாடியில் நாற்காலி போட்டாயிற்று. மாடி மைதானத்துக்கு வெளியே இருப்பதால் தடை அங்கே செல்லாது என்று அந்தப் பெண் விசாரித்துச் சொல்லிவிட்டாள். இடதுபக்கக் கோல் கம்பத்தை மட்டும் கழகத்தின் விளம்பரப் பலகை மறைக்கிறது; அதை இரண்டடி நகர்த்த நாளைய கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவரவும். நடுவருக்கும் தனியே ஒரு கடிதம் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன், சேர்ப்பித்துவிடுங்கள். கோலைக் கொடுத்தார், சரி. உள்ளங்கையில் பட்டதற்குப் பெனால்டியை இன்னும் கொடுக்கவில்லை. அந்தக் கடிதத்தைத் தங்கை பிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் காப்புச் செய்யுள் இல்லை.