புளியங்கொட்டை விரதம்

ஓய்வு பெற்ற மனிதனை வீட்டில் யாரும் சும்மா உட்கார விடுவதில்லை. யோகா, பஜனை, சிரிப்பு மன்றம் என்று எங்காவது பிடித்துத் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். என்னைத் தள்ளிவிட்ட இடம், மூத்தோருக்கான உணவு, சத்து வகுப்பு. தலை நரைத்த பிறகு, சாப்பிடுவது எப்படி என்று படிக்கப் போனேன். (அதுவரை செய்ததற்கு என்ன பெயர் என்று கேட்காதீர்கள்.)

போகாமலும் முடியாது. என் சர்க்கரை மாத்திரைக்கு அடங்கவில்லை. "அடுத்த தடவை பாக்கறப்போ குறையலேன்னா இன்சுலின்தான் சார், கேட்டீங்களா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொசு கடித்தாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற ஆள் நான். தினமும் ஊசி என்றால் என்ன ஆவேன்? வகுப்பே அந்த டாக்டரின் ஏற்பாடுதான். அங்கே நல்ல பெயர் வாங்கினால் ஊசியிலிருந்து தப்பலாம் என்று கணக்குப் போட்டேன்.

வலியசாலை அக்ரஹாரத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஹால். டீச்சர் ஷீபா, போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பெண். என் மகளைவிடச் சின்னவர். ஒருநாள், "இங்க யாராவது விரதம் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

என் கை தானாக உயர்ந்தது. ஏகாதசி, சனிக்கிழமை, அமாவாசை, சஷ்டி என்று அடுக்கினேன்.

"கொள்ளாமே சார், நல்ல கட்டுப்பாடு" என்று மலையாளம் கலந்து மெச்சினார் டீச்சர். "அடுத்த வாரம் டாக்டர் வராரு. உங்க சாதாரண நாள் சாப்பாடு, விரத நாள் சாப்பாடு ரெண்டையும் கொண்டு வாங்க. எல்லாருக்கும் காட்டலாம்."

எனக்குத் துணையாக வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி மீனாட்சி இருமினாள். அந்த இருமலை நான் மதித்திருக்க வேண்டும்.

அக்ரஹாரத்து விரதம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விரதம் என்றால் சோறு கூடாது. சோறுதான் கூடாது. பலகாரம் பண்ணிச் சாப்பிடலாம். அதைத்தான் பட்டினி என்று நாங்கள் பரம்பரையாக நம்பி வருகிறோம். நானும் மனதார நம்பினேன்.

அந்த நாளும் வந்தது. முன் வரிசையில் டாக்டர். முதல் தட்டில் என் சாதாரண நாளை வைத்தேன்: கொஞ்சம் சோறு, குழம்பு, கீரை மசியல், மோர். டாக்டர் தலையாட்டினார். ஊசி போயே போய்விட்டது என்று நினைத்தேன். அடுத்து விரதத்தைத் திறந்தேன். கோதுமை ரவை உப்புமா, வெல்லமும் வெண்ணெயும் வைத்த அடை, அவித்த ஏத்தன் வாழைப்பழம், நேந்திரங்காய் வறுவல், சேமியாப் பாயசம். தட்டு போதவில்லை. ஷீபா டீச்சர் இன்னொரு தட்டை எடுத்து வைத்தார்.

பிறகு புளியங்கொட்டை டப்பாவைத் திறந்தார். சாப்பிடுவதில் எவ்வளவு உடம்பில் சர்க்கரையாக மாறுமோ, அதற்குத் தக்கபடி தட்டின் முன்னால் கொட்டைகளைக் குவிப்பது அவர் பாடம் நடத்தும் முறை. சாதாரண நாளுக்கு ஒரு சின்னக் குவியல். விரதத்துக்கு வைத்தார், வைத்தார், வைத்துக்கொண்டே போனார். டப்பா காலி. பாயசம் இன்னும் பாக்கி.

"டீச்சர், அதுல ஒரு பருக்கை சோறு கிடையாதே" என்றேன்.

"அது உங்களுக்கும் சாமிக்கும் தெரியும் சார். உடம்புக்குத் தெரியாதே."

ஹாலே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவர் மெல்லத் திரும்பி, "விரதத்தன்னிக்கு நீங்க என்ன சாப்பிடுவீங்க மாமி?" என்று மீனாட்சியைக் கேட்டார்.

"இவர் சாப்பிட்டு மிஞ்சினா உப்புமா. மிஞ்சாது" என்றாள். "விரதம் இருக்கறது இவராக்கும். அடைக்கு அரைச்சு, பழம் அவிச்சு, பாயசம் இறக்கறதுக்குள்ள ஷீணம், அலுப்பு பூரா எனக்கு. சோறு திங்கற நாள்னா ஒரு குக்கரோட மதி, வேலை தீர்ந்தது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. புண்ணியம் எனக்கு, கால்வலி அவளுக்கு என்று இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. அது எனக்கு உறைப்பதற்கு ஒரு ஹால் நிறைய ஜனம் தேவைப்பட்டது.

டாக்டர் அங்கேயே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். பார்த்த கையோடு இன்சுலின் எழுதினார். "இனிமே விரதம் வேண்டாம் சார். ஊசி போட்டுட்டு வெறும் வயித்தோட இருக்கக்கூடாது" என்று வேறு சொன்னார். என் ஆன்மிக வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

தினமும் காலையில் மீனாட்சிதான் ஊசி போடுகிறாள். என் மாப்பிள்ளை எந்தக் கல்யாணத்தில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டாலும் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டே, "மாமா, இன்னிக்குக் கடும் விரதம், எழுந்திருக்க முடியலை" என்பார். பேரன்வரை அது பரவிவிட்டது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவள் மீனாட்சிதான்.

சிரிக்கட்டும். ஏகாதசியை இப்போது அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். அவளுக்கு மோரும் ஒரு பழமும் போதும், அடுப்புப் பக்கமே போவதில்லை. எனக்கு வேண்டியதை நானே கிண்டிக்கொள்கிறேன். மத்தியானம் அவள் படுத்துத் தூங்குகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.